கிழக்கு முனைப் புகார்கள்

எனக்கு யாரையும் லேசில் நம்பிவிடும் பழக்கம் கிடையாது. தொழில் அப்படி. கெட்ரிக் ஊரில் யார் இறந்தாலும் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, பெட்டியில் கிடத்தி, கல்லறையில் இறக்குகிற வரை எல்லாம் என் பொறுப்பு. ஒரு கண்ணில் அழுகையும் இன்னொரு கண்ணில் அலமாரிச் சாவியுமாக நிற்கிற பிள்ளைகளை முப்பத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். ஊரில் ஏதாவது காணாமல் போனால் எடுத்தது யார் என்று ஆர்லன் க்ரோஸைக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான் என்று நானே பீற்றிக்கொள்வேன்.

2005 பிப்ரவரியில் காணாமல் போகப் பார்த்தது ஊரே. ரோலண்ட் விமானத் தளத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மே மாதம் வாஷிங்டனிலிருந்து ஒரு பட்டியல் வரும், அதில் பெயர் இருந்தால் கதை முடிந்தது என்றார்கள். கோதுமையை விட்டால் எங்களுக்கு இருப்பது அந்தத் தளம்தான். மற்ற விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்புகிற பெரிய விமானங்கள் அங்கேதான் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் தளத்துப் பிள்ளைகள். என் தம்பி மகள் அங்கே சமையலறையில் வேலை பார்க்கிறாள். தளம் போய்விட்டால் ஊரில் விளக்கேற்ற ஆள் இருக்காது, புதைக்கவும் ஆள் இருக்காது.

மாநிலச் சட்டசபையில் எங்கள் தொகுதிக்கு உறுப்பினர் கிளேடன் ரூப். அதற்கு முன்னால் இருபது வருடம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. அந்த மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் வெல்மாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தான். வியாழக்கிழமை என்றால் அங்கே சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும். கடையில் உட்கார இடம் இருக்காது. ரூப் உட்காரவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு பேசினான்.

"வாஷிங்டன்காரன் என்ன கேக்கறான் தெரியுமா? ஓடுபாதை எவ்வளவு நீளம்னு கேக்கல. ஊரு தளத்தை நெருக்குதான்னு கேக்கறான். பக்கத்துல வீடு முளைக்குதா, சத்தம் தாங்கலன்னு யாராவது புகார் சொல்றாங்களான்னு கேக்கறான்."

"இங்க யாருய்யா புகார் சொல்றது? ஒரு நாள் விமானம் பறக்கலன்னா என் புருஷனுக்குத் தூக்கமே வராது," என்றாள் வெல்மா.

ரூப் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து ஆட்டினான். "போன வருஷம் மட்டும் நாப்பத்தொண்ணு."

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. நாற்பத்தொரு புகாரா? எங்கள் ஊரிலா? எங்கள் சோற்றில் மண் அள்ளிப் போட எங்களுக்குள்ளேயே ஒருவரா? ஒவ்வொருவரும் பக்கத்து மேசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தில் மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம் வந்து போனது.

"பேரையெல்லாம் கறுப்பு அடிச்சுத்தான் தளத்துல குடுத்தாங்க. தேதி, நேரம், இடம் மட்டும்தான் இருக்கு. எல்லாமே ஒரே இடம். கிழக்கு முனை, ஒன்பதாம் நம்பர் ரோடு. அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?"

"கல்லறை இருக்கு," என்றாள் வெல்மா. "அங்க படுத்திருக்கறவங்க போன் பண்ணியிருந்தா ஆர்லனைத்தான் பிடிச்சுக் கேக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வேற?" என்றான் ரூப். கேட்டது பொதுவாக, பார்த்தது என்னை.

"ஒரே ஒரு வீடு இருக்கு," என்றேன். "லெனோரா ஹஸ்."

ஆமாம், அந்தப் பெயரை முதலில் சொன்னது நான்தான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

லெனோரா சிகாகோவிலிருந்து வந்தவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய அத்தை இறந்தபோது, அடக்கத்துக்கு வந்தவள் அப்படியே அத்தை வீட்டில் தங்கிவிட்டாள். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். சுற்றுவட்டாரத்தில் நான்கு தேவாலயங்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், அடக்கத்துக்கு முன் ஜெபம் நடக்கிற என்னுடைய பிரார்த்தனைக் கூடம், எல்லாவற்றுக்கும் அவள்தான். வந்தால் வேலையைப் பார்ப்பாள், காபி கொடுத்தால் பாதி குடிப்பாள், போய்விடுவாள். ஊர் வம்பு எதிலும் கலந்துகொள்ள மாட்டாள். வம்பில் கலந்துகொள்ளாதவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

"அதானே பார்த்தேன்!" என்றார் பின்னால் ஒருவர். "காதை வெச்சுப் பொழைக்கறவ. ஒரு கம்பி மயிரிழை பிசகினாலே முகத்தைச் சுளிக்கறவ. தலைக்கு மேல அவ்வளவு பெரிய விமானம் போனா சும்மா இருப்பாளா?"

"சிகாகோவுல இல்லாத சத்தமா?" என்று வெல்மா மட்டும் கேட்டாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ரூப் தாளை மடித்து உள்ளே வைத்தான். ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. பிறகு தான் சட்டசபையில் கொண்டுவரப்போகிற மசோதாவைப் பற்றிச் சொன்னான். ஓடுபாதையின் இரண்டு முனையிலும் ஒன்றரை மைல் வரைக்கும் குடியிருப்பே கூடாது. ஏற்கனவே இருக்கிற வீட்டை உரிய விலை கொடுத்து மாவட்டமே எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் ஏப்ரலில் நிறைவேறிவிட்டால், இதோ பார், எங்கள் தளத்தை யாரும் நெருக்க முடியாது என்று வாஷிங்டனுக்குக் காட்டலாம். எல்லோரும் கை தட்டினோம். மேற்கு முனையில் வெறும் கோதுமை வயல். கிழக்கு முனையில் அவள் வீடு மட்டும். ஆக, சட்டம் முழுக்க ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அதை அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ஊர் நீலமாகிவிட்டது. நீலச் சட்டை, நீலப் பலகை, கார் கண்ணாடியில் நீலக் காகிதம். எல்லாவற்றிலும் 'சத்தம்தான் எங்கள் சம்பளம்' என்று எழுதியிருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் லெனோராவின் வீட்டு முன்னால் புல்லில் முப்பது பலகை நட்டிருந்தார்கள். யார் நட்டது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. அதுவும் எங்களுக்குச் சந்தேகமாகவே பட்டது. குற்றம் செய்யாதவளாக இருந்தால் பிடுங்கிப் போட்டுச் சண்டைக்கு வந்திருப்பாளே?

லூத்தரன் தேவாலயத்தில் இந்த வருடம் பியானோவுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. நானும் அவளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டேன்: 'கூடத்தில் கொஞ்சம் வேலை நடக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன்.' கூடத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை.

மார்ச் மாதம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். அத்தையின் கல்லறைக் கல் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்தலாமா என்று கேட்கிற சாக்கு. உண்மையில் மோப்பம் பிடிக்கத்தான் போனேன். சமையலறையில் உட்கார வைத்தாள். தொலைபேசி ஜன்னலோரம் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு அட்டை. தளத்தின் தொலைபேசி எண். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. தளத்தைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் அந்த அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள், என் அலுவலகச் சுவரிலும் அதே அட்டை தொங்குகிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நினைவுக்கு வருகிறது!

"கல்லை நிமிர்த்தறதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றாள்.

"அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சத்தத்தைப் பத்தித் தளத்துக்குப் போன் பண்ணினது நீங்கதானே?"

அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. ஏதோ ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே கேக்கறீங்களா, மிஸ்டர் க்ரோஸ்?"

"ஊரே கேக்குது."

"நான் உங்களைக் கேட்டேன்."

"ஆமா, நிஜமாத்தான்."

"இல்ல," என்றாள். "நான் பண்ணல. காபி ஆறிடும், குடிங்க."

அவ்வளவுதான். ஒரு சத்தியம் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. இவள்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். அன்று மாலையே ரூப்புக்குப் போன் போட்டு அட்டையைப் பற்றிச் சொன்னேன். "நல்லது, நல்லது," என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மசோதா ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தலைநகரத்தில் சட்டசபைக் குழுவின் முன் விசாரணைக்கு வந்தது. ஊர் சார்பில் நான்கு பேர் பேச வேண்டும், அதில் ஒருவன் நான். மூன்று நாள் உட்கார்ந்து பேச்சை எழுதினேன். எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கல்லறையைப் பற்றியது. தளத்துக்காரர்கள் எங்கள் இறந்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை எந்த ஊரிலும் கிடையாது. அடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் தளத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். அரை மணி நேரம் வானத்தில் ஒரு விமானம் வராது. பாதிரியார் சொல்கிற கடைசி வார்த்தை கடைசி வரிசையில் நிற்கிற ஆளுக்கும் கேட்கும். மண் போட்டு முடித்து நாங்கள் வண்டியில் ஏறிய பிறகுதான் முதல் விமானம் எழும்பும். இதைக் கேட்டால் கல் நெஞ்சும் கரையும் என்று நினைத்தேன்.

ரூப் படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பகுதி முழுவதையும் பேனாவால் அடித்தான்.

"ஒரே அழுகாச்சியா இருக்குப்பா. வேலை, சம்பளம், பள்ளிக்கூடம், இத மட்டும் சொல்லு."

"அதுதான்யா நல்லா இருக்கறதே."

"கேக்கறவங்க பூரா விவசாயிங்க ஆர்லன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சாவைப் பத்திப் பேசாத."

எனக்குச் சுருக்கென்றது. எழுதத் தெரியாதவன் என் எழுத்தில் கை வைக்கிறானே என்கிற கோபம்தான். வேறு எதுவும் தோன்றவில்லை. ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு இவனைச் சந்தேகப்படத் தோன்றவில்லை பாருங்கள்!

விடியற்காலை கிளம்பிய பஸ்ஸில் முப்பது பேர், எல்லோரும் நீலச் சட்டை. நான்கு மணி நேரப் பயணம். வெல்மா ஹாம் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். லெனோராவுக்குப் பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் வரவில்லை. எங்கள் ஊர் வானொலிக்காரர் கருவியோடு வந்திருந்தார். விசாரணை முழுவதும் ஊருக்கு நேரடியாகப் போகும் என்றார்.

குழுவில் பதின்மூன்று பேர். தலைவர் வெள்ளை மீசை வைத்த முதியவர், எதைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தவன் வீட்டை எடுக்கிற சட்டமா என்று தொடக்கத்திலேயே இரண்டு பேர் முறுக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் ரூப் அந்தத் தாளைப் பிரித்தான். ஏலத்தில் வாய் மூடாமல் கொட்டுகிறவன் அன்றைக்கு ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"ஜனவரி பதினாலு, காலை பத்து இருபது. கிழக்கு முனை. விமானங்களை நிறுத்தச் சொல்லிப் புகார்."

போன வருடம் ஜனவரி பதினாலு. ஹெர்மன் ட்ரெஷரை அடக்கம் செய்த நாள். முப்பது வருடம் தளத்தில் இஞ்சின் பழுது பார்த்தவர்.

"ஜனவரி இருபத்திரண்டு, பிற்பகல் ஒண்ணு பத்து. கிழக்கு முனை. நிறுத்தச் சொல்லிப் புகார்."

அன்றைக்கு ஐடா போலிங். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாவி, நான் அடக்கம் செய்கிற நாளாகப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாளே! ஜன்னல் வழியாக என் கறுப்பு வண்டி போவதைப் பார்த்ததும் போனை எடுத்திருக்கிறாள். இறந்தவர்களைச் சாக்காக வைத்து என்ன ஒரு வஞ்சனை! பக்கத்தில் இருந்த வெல்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மார்ச் ரெண்டு, காலை எட்டு பதினஞ்சு."

திறந்த வாய் அப்படியே நின்றது. மார்ச் இரண்டு, எட்டேகால். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முடிதிருத்தும் கடை நாற்காலியில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தபோது, காலை அடக்கத்துக்குத் தளத்தைக் கூப்பிட மறந்துவிட்டது ஞாபகம் வந்து, கடைக்காரரின் போனை வாங்கி அங்கிருந்தே பேசினேன். மணி எட்டேகால். அப்போது எந்தக் கறுப்பு வண்டியும் எந்த ஜன்னல் வழியாகவும் போகவில்லை. அது லெனோரா இல்லை. அது நான்.

முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கிற சார்ஜண்டே எடுப்பார். நாலைந்து வருடமாக யாரோ ஒரு பெண் எடுக்கிறாள். எந்த இடம், எத்தனை மணி, என்ன சத்தம் என்று மூன்று கேள்வி. நானும் கடமையாகப் பதில் சொல்வேன். கிழக்கு முனை, பதினொரு மணிக்கு, கொஞ்சம் விமானத்தை நிறுத்தி வையுங்கள் என்பேன். 'பதிவு பண்ணிட்டேன் சார்' என்பாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். அவள் எங்கே பதிவு பண்ணினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ரூப் படித்துக்கொண்டே போனான். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு முகம் எனக்கு முன்னால் வந்தது. நாற்பத்தொன்றும் நான் கோட்டு மாட்டி விட்ட முகங்கள்.

பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ரூப்பைப் பிடித்தேன்.

"கிளேடன், அந்த நாப்பத்தொண்ணும் என்னோடது."

எந்த நாற்பத்தொன்று என்று அவன் கேட்கவில்லை. குனிந்து தண்ணீர் குடித்தான், வாயைத் துடைத்தான்.

"மெதுவாப் பேசு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சது, அந்தத் தாள்ல புகார்னு அச்சடிச்சிருக்கு. நான் அச்சடிக்கல."

"யோவ், நான் புகாரே சொல்லலய்யா. அரை மணி நேரம் பொறுங்கன்னு கேட்டேன். அதுவும் செத்தவங்களுக்காக."

"அவங்க ஃபாரத்துல வேற கட்டம் கிடையாது. சத்தத்தைப் பத்தி எவன் போன் பண்ணினாலும் அது புகார்தான்." என் தோளில் கை போட்டான். "இங்க பாரு. உள்ள இருக்கறவங்க நிலத்தை உயிரா நினைக்கறவங்க. புகார் இருக்கறதாலதான் காது குடுத்துக் கேக்கறாங்க. அடக்கம்னு சொன்னேன்னு வை, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு மசோதாவைக் குப்பையில போட்டுட்டுப் போயிடுவாங்க. மே மாசம் பட்டியல் வரும். உன் தம்பி பொண்ணு எங்க போவா?"

"அந்தப் பொம்பளைக்கு வீடு போயிடுமே."

"விலை குடுக்கறோம்ல? சும்மாவா பிடுங்கறோம்? ஊரு முழுக்க ஒரு பக்கம் வெச்சு, அந்த ஓட்டை வீட்டை ஒரு பக்கம் வெச்சு ஏலம் விடு. நீயே எந்தப் பக்கம் கையைத் தூக்குவ சொல்லு."

மணி அடித்துவிட்டது. உள்ளே போனோம். அடுத்ததாக என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தேன். வேலை, சம்பளம், பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்ததை வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முடித்து எழுந்திருக்கப் போனேன். வெள்ளை மீசைத் தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"ஒரு நிமிஷம் மிஸ்டர் க்ரோஸ். நீங்க அந்த ஊர்ல எல்லாரையும் தெரிஞ்சவர்னு சொல்றாங்க. இந்தப் புகாரெல்லாம் யாரு பண்றதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பின்னால் முப்பது நீலச் சட்டைகள். ஓரத்தில் ரூப், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தம்பி மகள் ஞாபகத்துக்கு வந்தாள். ஊரில் நாளைக்கு என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அதற்கும் முன்னால் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முதலில் வந்தது.

"கிழக்கு முனையில ஒரே ஒரு வீடுதான் இருக்கு, ஐயா," என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தலைவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஒன்பதுக்கு நான்கு என்று மசோதா குழுவைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை முழுச் சபையில் வாக்கெடுப்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டும் கும்மாளமும். "பொட்டில் அடிச்ச மாதிரி சொன்னே ராசா!" என்று வெல்மா என் கையில் ஒரு சாண்ட்விச்சைத் திணித்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்று படுத்ததோடு சரி, கண் மூடவில்லை. மறுநாள் காலை ஒன்பதாம் எண் சாலைக்குப் போனேன். புல்லில் பலகைகள் அப்படியே நின்றன. கதவைத் தட்டியதும் லெனோரா வந்தாள். கதவைப் பாதிதான் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை.

"ரேடியோவுல கேட்டேன்," என்றாள்.

"அந்த அழைப்பெல்லாம் என்னோடது, லெனோரா."

"தெரியும்."

அவளே மேலே சொன்னாள்.

"பலகை நட்ட வாரமே தளத்துக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். தேதியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. உங்க கூடத்துல நான் பியானோவைத் திறந்து வெச்சு வேலை பார்க்கும்போது, பக்கத்து ரூம்ல நீங்க போன் பேசுவீங்களே. பதினொரு மணிக்கு அடக்கம், கொஞ்சம் பொறுத்துக்கோம்மான்னு. எத்தனை தடவை கேட்டிருக்கேன். எனக்கு அது பிடிக்கும். இந்த ஊர்ல இப்படி ஒரு மனுஷன் இருக்காரேன்னு நினைப்பேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ரூப் ஆபீஸுக்கு எழுதினேன். பதில் இல்ல. உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தப்பத்தான் நீங்களே வந்தீங்க. என் கிச்சன்ல உட்கார்ந்துக்கிட்டு, போன் பண்ணினது நீங்கதானேன்னு என்னைக் கேட்டீங்க. போன் பண்ணின ஆளே வந்து அப்படிக் கேட்டா நான் என்ன நினைக்கறது? தெரிஞ்சே என் தலையில கட்டறாருன்னுதான் நினைச்சேன்."

அந்தப் பார்வைக்கு அர்த்தம் இதுதான். நான் அவளைச் சந்தேகப்பட்ட அதே நேரத்தில் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், அதுவும் என்னை விட நியாயமாக.

"சத்தியமா அப்ப தெரியாதும்மா," என்றேன். "புகார்னு எழுதறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நேத்து அங்க தேதியைப் படிக்கும்போதுதான் உறைச்சுது. வெள்ளிக்கிழமை நானே போய் எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. கதவிலிருந்து கையை எடுத்தாள். இந்த மனிதன் முட்டாள்தான், கெட்டவன் இல்லை என்று அவள் நினைக்கத் தொடங்கியது எனக்கு அப்படியே தெரிந்தது. முகம் பார்த்துச் சொல்கிறவன் அல்லவா நான். பிறகு அவளுக்கு ஏதோ தட்டியது.

"நேத்து தேதியைப் படிக்கும்போதுன்னா," என்றாள் மெதுவாக, "நீங்க மைக் முன்னால உட்கார்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கதவு முழுவதும் திறந்திருக்கும். கேட்டுக்கொண்டிருக்க ரூப்பும் அங்கே இல்லை, ஊரும் இல்லை.

"முன்னாடி," என்றேன்.